ராஜா ஜோடி கையில், ஏஸ் மேசையில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கோவாவில், மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல் ஒன்றில் நடந்த போக்கர் போட்டியில் எனக்கு எதிரே அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், கையில் ராஜா ஜோடி இருக்க, ஏஸ் விழுந்த ஃப்ளாப்பில் (எல்லோரும் தம் கைச் சீட்டுகளோடு சேர்த்துக்கொள்ள மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகள்) தம் சிப்புகள் அனைத்தையும் மூன்று தவணைகளாக இழந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் நான் இழந்த விதமும் அதுவே. தன் முறை வருமுன் ஆடுவது, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும்படி சீட்டைத் தூக்கிப் பார்ப்பது போன்றவற்றை டீலரே திருத்திவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கெட்ட ஃப்ளாப்பை அநியாயமாகக் கருதுவது

ராஜா ஜோடி வைத்திருக்கும்போது ஃப்ளாப்பின் மூன்று சீட்டுகளில் ஓர் ஏஸாவது விழ ஏறத்தாழ 23 சதவீத வாய்ப்பு உண்டு. ராணி ஜோடிக்கு ஏஸோ ராஜாவோ விழும் வாய்ப்பு 41 சதவீதம். ஜாக்கி ஜோடிக்கு அதைவிடப் பெரிய சீட்டு விழும் வாய்ப்பு 57 சதவீதம். அதாவது அந்த ஜோடிக்குக் கெட்ட ஃப்ளாப்தான் வழக்கம். இதைத் தலைவிதி என்று நொந்துகொள்பவர் அடுத்த முடிவைக் கோபத்தில்தான் எடுப்பார்.

தெரிந்துகொள்வதற்காகப் பந்தயம் கட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். நான் தோற்ற அந்த ஆட்டத்தில் பிளைண்ட் (சீட்டு வருமுன் இருவர் கட்டாயமாகக் கட்டுவது) 500, 1,000, ஆன்டி (அதற்கு மேலும் சேரும் கட்டாயத் தொகை) 1,000, என்னிடம் 40,000 சிப்புகள். ராஜா ஜோடியுடன் 2,500க்கு ரெய்ஸ் செய்தேன், அதாவது பந்தயத்தை உயர்த்தினேன். பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இடம்) இருந்த பெரியவர் மட்டும் கால் செய்தார், அதாவது அதே தொகையைக் கட்டினார். இடது கையால் ஐந்தைந்து சிப்புகளாக அடுக்குவதையும் கலைப்பதையும் அவர் ஆட்டம் முழுவதும் நிறுத்தவே இல்லை. பாட், அதாவது நடுவில் சேர்ந்த மொத்தச் சிப்புகள், 7,500. ஃப்ளாப்பில் ஏஸ், 9, 4 விழுந்தன. மூன்றும் வெவ்வேறு சின்னங்கள்.

அவரிடம் ஏஸ் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள 5,000 கட்டினேன், கால் செய்தார். டர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டாக, 6 வந்தது, இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்ள 11,000 கட்டினேன், மறுபடியும் கால். ரிவரில், அதாவது ஐந்தாவதும் கடைசியுமான சீட்டாக, 2 வந்தபோது, இவ்வளவு போட்ட பிறகு விடுவதா என்று மீதி 21,500ஐயும் தள்ளினேன். அவர் ஏஸையும் ஜாக்கியையும் திருப்பினார்.

என் பந்தயங்களுக்கு யார் பணம் தருவார்கள் என்று ஒரு முறைகூட நான் யோசிக்கவில்லை. ராணி ஜோடியோ பத்து ஜோடியோ வைத்திருப்பவர் அந்த ஏஸைக் கண்டு முதல் பந்தயத்துக்கு, அல்லது தாமதமானால் இரண்டாவதற்கு, ஃபோல்டு செய்துவிடுவார், அதாவது சீட்டைப் போட்டு விலகிவிடுவார்; ஏஸ் வைத்திருப்பவரோ நகரவே மாட்டார். தோற்கக்கூடிய கைகளையெல்லாம் விரட்டிவிட்டு, என்னை வெல்லும் கைகளை மட்டும் மேசையில் உட்கார வைத்துப் பாட்டைப் பெரிதாக்கினேன். என் கையைப் பாதுகாக்கவே கட்டினேன் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. அந்த ஃப்ளாப்பில் ராணி ஜோடி என்னை முந்துவதற்குப் பார்க்காத 45 சீட்டுகளில் இரண்டே இரண்டுதான் உதவும். இலவசமாக ஒரு சீட்டைக் காட்டுவதால் எனக்குக் குடி முழுகிவிடாது.

ஃப்ளாப்பில் செக் செய்திருக்க வேண்டும், அதாவது எதுவும் கட்டாமல் முறையை அவரிடம் விட்டிருக்க வேண்டும். அவர் 3,000 கட்டினால் கால் செய்து, டர்னில் அவர் மீண்டும் பெரிதாகக் கட்டினால் ஃபோல்டு செய்திருந்தால், 34,500 சிப்புகளோடு, அதாவது 34 பிக் பிளைண்டுக்கு (பெரிய பிளைண்ட், இங்கே 1,000) மேல் கையில் வைத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குக் காத்திருப்பேன். அவரும் செக் செய்திருந்தால், என்னிடம் ஏஸ் இல்லை என்று நம்பிய சிறிய ஜோடி ஒன்று ரிவரில் என் சிறிய பந்தயத்துக்குப் பணம் தந்திருக்கும். பண ஆட்டத்தில் தோற்றவர் மறுபடியும் சிப்பு வாங்கலாம். மறுநுழைவு (தோற்றபின் மறுபடியும் பணம் கட்டிச் சேர்வது) முடிந்த போட்டியில் எழுந்து போக வேண்டியதுதான். அதனால்தான் அங்கே இழக்கும் சிப்பின் மதிப்பு ஜெயிக்கும் சிப்பின் மதிப்பைவிட அதிகம்.

தகவலாவது கிடைத்ததே என்பார்கள். அதன் விலை 37,500 சிப்புகள். அதைவிட வேதனை, முதல் 5,000க்கே பதில் வந்துவிட்டது. அதைக் காதில் வாங்காமல் அதே கேள்வியை இன்னும் இரண்டு முறை கேட்டேன்.

ஏஸைக் கண்டதும் ஓடுவது

மேற்கண்டதைப் படித்துவிட்டு எதிர்த்திசையில் ஓட வேண்டாம். ஃப்ளாப்பில் ஓர் ஏஸ் விழுந்த பின், எந்தச் சீட்டையும் வைத்திருக்கக்கூடிய ஒற்றை எதிராளியிடம் இன்னோர் ஏஸ் இருக்கும் வாய்ப்பு 12.5 சதவீதமே. ரெய்ஸுக்குக் கால் செய்து வந்தவரிடம் அது கூடுதலாக இருக்கும் என்றாலும், பாட்டின் மூன்றில் ஒரு பங்கை அவர் கட்டும்போது ஐந்தில் ஒரு முறை வென்றாலே உங்கள் காலுக்குக் கட்டுபடியாகும். எதிரே மூவர் இருந்தால் அவர்களில் ஒருவரிடமாவது ஏஸ் இருக்கும் வாய்ப்பு குறைந்தபட்சம் 34 சதவீதமாகிறது. அப்போது உஷாராக இருங்கள்.

எல்லா ஃப்ளாப்பையும் ஒரே கண்ணால் பார்ப்பது

ராணி ஜோடிக்கு 9, 8, 7 விழுந்து அவற்றில் இரண்டு ஆர்ட்டினாக இருந்தால், பெரிய சீட்டு ஏதும் இல்லை என்று மகிழ்ந்து செக் செய்கிறார்கள். இங்குதான் இலவசச் சீட்டு ஆபத்து. கையில் இரண்டு ஆர்ட்டின் வைத்திருப்பவருக்கு ரிவருக்குள் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டுகள்) அமைய ஏறத்தாழ 35 சதவீத வாய்ப்பு உண்டு. ஸ்ட்ரெயிட்டுக்குக் (வரிசையாக ஐந்து சீட்டுகள்) காத்திருப்பவர் தனி. பாட்டின் மூன்றில் இரண்டு பங்கு கட்டி அவர்களைப் பணம் கொடுக்க வையுங்கள். இருவர் அடுத்தடுத்து ரெய்ஸ் செய்தால் ராணிகளை வருத்தமின்றி விடுங்கள்.

மூன்றாவது ராஜாவுக்காகக் காத்திருப்பது

டர்ன், ரிவர் இரண்டையும் பார்த்தாலும் 8.4 சதவீதம்.

தோற்ற பின் ராஜாக்களைத் திருப்பிக் காட்டுவது

யாரும் கேட்கவில்லை.

ஸ்டாக்கை, அதாவது கையிருப்புச் சிப்புகளை, பார்க்காமல் ஆடுவது

மேலே சொன்ன நிதானமெல்லாம் கையில் 25, 30 பிக் பிளைண்டுக்கு மேல் இருப்பவருக்கு. ஃப்ளாப் விழுந்த நேரத்தில் உங்களிடம் மீதமிருப்பது பாட்டைவிடக் குறைவு என்றால், ஒற்றை எதிராளிக்கு எதிரே ராஜா ஜோடியை விட்டுவிட்டு ஐந்து பிக் பிளைண்டோடு ஒதுங்கி உட்காருவதில் பயனில்லை. செக் செய்து, அவர் கட்டினால் கால் செய்துவிடுங்கள்.