கோலம் போடத் தெரிந்தால் போதும்: அமெரிக்க இடைக்காலத் தேர்தலைப் பெரம்பூரிலிருந்து கணிப்பது எப்படி?

எதிர்வீட்டு அண்ணன் போன வாரம் எங்கள் கேட் மேல் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "டீச்சர், நவம்பர்ல டெமாக்ரட்ஸ் வந்துடுவாங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். "எங்க வரது? ஆளுங்கட்சி விட்டுருமா? இடைத்தேர்தல்னா ஆளுங்கட்சிதானே ஜெயிக்கும்."

அவர் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மகன் டல்லாஸில். என் மகள் நியூ ஜெர்சியில். எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்த அன்று எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ராத்திரி விளக்கு அணையவில்லை. அதனால் இது எங்களுக்கு ஊர்வம்பு இல்லை. ஆனால் அண்ணனைப் போலக் கணித்தால் பந்தயம் தோற்பது நிச்சயம். முப்பது வருஷம் கணக்கு டீச்சர், பல தேர்தல்களில் பூத் தலைமை அலுவலர் என்ற அனுபவத்தில், நான் எப்படிக் கணிக்கிறேன் என்று எழுதுகிறேன். தேவையானவை: ஒரு லாங் சைஸ் நோட்டு, பென்சில், அழிரப்பர். அழிரப்பர் முக்கியம்.

முதல் வேலை, நம்ம ஊர் இடைத்தேர்தல் கண்ணாடியைக் கழற்றுவது. இங்கே எம்.எல்.ஏ. இறந்தாலோ ராஜினாமா செய்தாலோ அந்த ஒரு தொகுதிக்கு மட்டும் தேர்தல். மந்திரிகள் எல்லாரும் அங்கே போய் டேரா போடுவார்கள். 2009-ல் திருமங்கலம் ஒரு ஃபார்முலாவுக்கே பெயர் கொடுத்தது. விக்கிரவாண்டி 2024, ஈரோடு கிழக்கு 2025 இரண்டிலும் பிரதான எதிர்க்கட்சி களத்திலேயே இறங்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில் இருக்கும் ஆர்.கே. நகரில், 2017 டிசம்பரில் குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன் ஆளுங்கட்சியை 40,707 ஓட்டில் தோற்கடித்தார். இன்னும் அதைப் பேசுகிறோம் என்றால், அது அவ்வளவு அபூர்வம் என்றுதானே அர்த்தம்?

அமெரிக்காவில் நடப்பது இடைத்தேர்தல் இல்லை, இடைக்காலத் தேர்தல். அதிபரின் நாலு வருஷத்துக்கு நடுவில் வரும், இந்த முறை 2026 நவம்பரில். அதிபர் டிரம்ப் குடியரசுக் கட்சி; அண்ணன் சொன்ன டெமாக்ரட்ஸ், அதாவது ஜனநாயகக் கட்சி, எதிர்க்கட்சி. நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், மேலவையான செனட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் ஓட்டு. அதிபர் பெயர் ஓட்டுச்சீட்டில் கிடையாது. ஆனாலும் அவர் மேல் இருக்கும் கோபம் எல்லாம் அவர் கட்சிக்காரர் தலையில் விடியும். மாமியார் மேல் கோபம் என்றால் பாத்திரம்தானே சத்தம் போடும்?

என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இதுதான். 1994, கிளின்டன்: அவருடைய ஜனநாயகக் கட்சிக்குப் பிரதிநிதிகள் சபையில் 54 இடங்கள் போயின. 2010, அதே கட்சியின் ஒபாமா: 63. 2018, டிரம்ப்: சுமார் 40. கடந்த நூறு வருஷத்தில் அதிபர் கட்சிக்கு அந்தச் சபையில் இடங்கள் கூடியது 1934, 1998, 2002 என மூன்றே முறை. முதலாவது பெருமந்தத்தின் நடுவில் ரூஸ்வெல்ட் மேல் மக்கள் நம்பிக்கை வைத்திருந்த நேரம். இரண்டாவது, கிளின்டனைப் பதவி நீக்கப் புறப்பட்டவர்கள் மேலேயே அது திரும்பியது. மூன்றாவது, செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அடுத்த வருஷம். ஆக, எதிர்க்கட்சிக்குச் சாதகம் என்று தொடங்க வேண்டும், அப்புறம் கூட்டிக் கழிக்க வேண்டும். அண்ணன் நேர் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தார்.

காரணம் பெரிய தத்துவம் இல்லை. ஜெயித்தவர் வீட்டில் உட்கார்ந்துவிடுவார், தோற்றவர் கோபத்தோடு வரிசையில் நிற்பார். அங்கே இடைக்காலத் தேர்தலில் பாதிப்பேர் ஓட்டுப் போட்டாலே அதிசயம். 2014-ல் 37 சதவீதம்கூடத் தேறவில்லை. 2018-ல் ஏறக்குறைய 50. அதைத்தான் நூறு வருஷத்தில் காணாத கூட்டம் என்று கொண்டாடினார்கள். நம் பூத்தில் 50 சதவீதம் என்றால் எனக்கு மதியம் பேப்பர் படிக்க நேரம் கிடைத்திருக்கும்.

அடுத்து பிரதிநிதிகள் சபைக் கணக்கு. 2024 தேர்தலில் குடியரசுக் கட்சி 220, ஜனநாயகக் கட்சி 215. பெரும்பான்மைக்கு 218. அதாவது ஜனநாயகக் கட்சிக்குக் கூடுதலாக மூன்று இடம் கிடைத்தால் சபை கை மாறும். "மூணேதானா?" என்று அண்ணன் வாயைப் பிளந்தார். அவசரப்படக் கூடாது. இங்கேதான் கோலம் வருகிறது.

புள்ளி அதேதான், கோடு மாறினால் கோலம் மாறும். 25 புள்ளி வையுங்கள். 15 செங்காவி, 10 வெள்ளை. ஐந்து ஐந்தாகப் பிரித்து ஐந்து தொகுதி ஆக்க வேண்டும். முழுக்கக் காவியாக இரண்டு தொகுதி போட்டால் அதிலேயே பத்து காவி தீர்ந்துவிடும். மிச்சம் ஐந்து காவி, பத்து வெள்ளை. அதை மூன்றாக்கி, இரண்டில் மும்மூன்று வெள்ளை, ஒன்றில் நாலு வெள்ளை வையுங்கள். வெள்ளைக்கு மூன்று தொகுதி, காவிக்கு இரண்டு! சிறுபான்மை ஜெயித்துவிட்டது. ஒருத்தர் ஓட்டையும் திருடவில்லை. 1812-ல் மாசசூசெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் கெர்ரி கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி, பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும் 'சாலமாண்டர்' என்ற பிராணியைப் போல நெளிந்து கிடந்ததாம். அன்றிலிருந்து இந்த வித்தைக்கு 'கெர்ரிமாண்டரிங்' என்று அவர் பெயரே ஒட்டிக்கொண்டது.

தொகுதி மறுவரையறை என்றால் நமக்கு வயிற்றைக் கலக்கும் விஷயம்தான். ஆனால் இங்கே கோடு போடுவதற்குத் தனி ஆணையம். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றத்தில் பெரும்பான்மை உள்ள கட்சியே கோடு போடுகிறது. வழக்கமாகப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் போடுவார்கள். 2025-ல் அந்த வழக்கம் உடைந்தது. டெக்சாஸில் குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடும்படி ஆகஸ்டில் புது வரைபடம் நிறைவேறியது. பதிலுக்கு நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான வரைபடத்துக்குச் சம்மதம் கொடுத்தார்கள். இன்னும் சில மாநிலங்களும் இதில் இறங்கின. அதனால் "மூன்று இடம்" என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். எந்த மாநிலத்தில் கோடு மாறியிருக்கிறது என்று பார்த்து அழித்து அழித்து எழுத வேண்டும்.

செனட்டை வேறு பக்கத்தில், வேறு மையில் எழுதுவேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் 2018 புரியவே புரியாது. அந்த வருஷம் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் சுமார் 40 இடம் அள்ளியது. அதே நாளில் செனட்டில் இரண்டு இடம் இழந்தது. எப்படி? செனட்டர் பதவி ஆறு வருஷம். எந்த மூன்றில் ஒரு பங்கு அந்த வருஷம் தேர்தலுக்கு வருகிறது என்பது முன்பே தீர்மானம் ஆனது. 2018-ல் தேர்தலுக்கு வந்த 35-ல் 26 இடங்கள் ஜனநாயகக் கட்சியும் அதன் பக்கம் இருந்த சுயேச்சைகளும் காக்க வேண்டியவை. குடியரசுக் கட்சிக்கு வெறும் ஒன்பது. தன்னிடம் இருப்பதைத்தானே ஒருவர் இழக்க முடியும்?

இந்த முறை 35-ல் 22 குடியரசுக் கட்சியுடையவை, 13 ஜனநாயகக் கட்சியுடையவை. பார்த்தால் கொழுத்த வாய்ப்பு மாதிரி இருக்கும். ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள், அந்த 22-ல் பெரும்பாலானவை டிரம்ப் சுலபமாக ஜெயித்த மாநிலங்கள். 2024-ல் கமலா ஹாரிஸ் ஜெயித்த மாநிலத்தில் இருப்பது ஒன்றே ஒன்று, மெய்ன். வட கரோலினாவில் குடியரசுக் கட்சி செனட்டர் தாம் டில்லிஸ் மறுபடி நிற்கப்போவதில்லை என்று அறிவித்ததால் அந்த இடம் திறந்திருக்கிறது. மறுபக்கம் ஜார்ஜியாவையும் மிச்சிகனையும் ஜனநாயகக் கட்சி காப்பாற்ற வேண்டும். செனட் இப்போது 53-க்கு 47. சமநிலை வந்தால் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் ஓட்டு, அதனால் நாலு இடம் கூடுதலாக வேண்டும். இரண்டு கண்ணுக்குத் தெரிகிறது. மற்ற இரண்டு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் "செனட்டும் போச்சு" என்று பந்தயம் கட்டாதீர்கள்.

கருத்துக்கணிப்பு. ஆயிரம் பேரைக் கேட்டால் பிழை சுமார் 3 சதவீதம் (ஆயிரத்தின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுங்கள், வந்துவிடும்). அது ஒரு கட்சியின் அளவுக்கு. இரண்டு கட்சிக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்குப் பிழை கிட்டத்தட்ட இரட்டிப்பு. "2 பாயின்ட் முன்னிலை!" என்று யூடியூபில் ஒருவர் அலறினால் வேறு வேலையைப் பாருங்கள். தனிக் கணிப்பைத் தொடவே வேண்டாம், சராசரியை மட்டும் வாரம் ஒருமுறை குறியுங்கள். அதிலும் 'பதிவு செய்த வாக்காளர்' என்று இருக்கிறதா, 'ஓட்டுப் போட வாய்ப்புள்ளவர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். முன்னவரில் பலர் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் 2022-ல் நான் தோற்றேன். அப்போதைய அதிபர், ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கு ஆதரவு நாற்பது சதவீதத்தைச் சுற்றிக் கிடந்தது. அந்த ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம். முதல் பக்கத்தைப் புரட்டினேன், "குறைந்தது 30 இடம் போகும்" என்று பேனாவால் எழுதினேன். போனது ஒன்பது. செனட்டில் ஒன்று கூடவும் செய்தது. அண்ணன் வீட்டுக்கு அரைக் கிலோ மைசூர்பாகு போனது, அதுவும் நெய் மைசூர்பாகு.

எங்கே தப்பு என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்தது. ஆகஸ்ட் 2-ல் கான்சஸ், அசல் குடியரசுக் கட்சி மாநிலம், அந்த உரிமையைப் பறிக்கும் திருத்தத்தை ஏறக்குறைய 59 சதவீத ஓட்டில் தள்ளியது. அந்தச் செய்தியை நான் படித்தேன். படித்துவிட்டு நோட்டில் ஏற்றவில்லை. கோபம் பொதுவாக எதிர்க்கட்சிக்காரருக்கு வரும், அந்த வருஷம் ஆளுங்கட்சி ஆதரவாளருக்கும் வந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். யாரோ சொன்னதைவிட, யாரோ போட்ட ஓட்டுக்கு மதிப்பு அதிகம். அதிலும் அண்மையில் போட்ட ஓட்டுக்கு. முந்தைய வருஷம் விர்ஜினியா, நியூ ஜெர்சி கவர்னர் தேர்தல்களை எல்லாரும் பார்ப்பார்கள். 2009-ல் இரண்டையும் குடியரசுக் கட்சி ஜெயித்தது, 2010-ல் அலை. 2017-ல் இரண்டையும் ஜனநாயகக் கட்சி ஜெயித்தது, 2018-ல் அலை. 2021-ல் விர்ஜினியா குடியரசுக் கட்சிக்குப் போனது, 2022-ல் வெறும் நுரை. 2025-ல் இரண்டிலும் ஜனநாயகக் கட்சி: ஜெயித்தவர்கள் ஸ்பான்பெர்கர், ஷெரில். குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அது பழைய பால். கடைசி ஆறு மாதத்தில் ஏதாவது மூலையில் சிறப்புத் தேர்தல் வந்தால், யார் ஜெயித்தார் என்பதைவிட 2024-ல் அதே தொகுதியில் இருந்த வித்தியாசம் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள்.

எத்தனை சிட்டிங் உறுப்பினர்கள் "குடும்பத்தோடு நேரம் செலவிட" ஒதுங்குகிறார்கள் என்பதற்கும் நோட்டில் ஒரு பத்தி உண்டு. 2018-ல் குடியரசுக் கட்சிச் சபாநாயகர் பால் ரயனே ஒதுங்கினார், அந்த வருஷம்தான் அவர் கட்சி சபையை இழந்தது.

இனி அந்த நாள். தேர்தல் நவம்பர் 3, செவ்வாய். நமக்குப் புதன் விடியற்காலை. அந்த வாரம் அவர்கள் கடிகாரம் மாறியிருக்கும், கிழக்குக் கரைக்கும் நமக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம். இந்தியானா, கென்டக்கியின் சில பகுதிகளில் வாக்குப்பதிவு முடிவது நமக்கு 4.30. விர்ஜினியா 5.30. டிகாக்‌ஷனை ராத்திரியே இறக்கி வைத்துவிடுங்கள். கலிஃபோர்னியா முடியவே காலை 9.30 ஆகும்.

நம் மாதிரி ஒரே தேர்தல் ஆணையம், ஒரே நாள் எண்ணிக்கை, மதியத்துக்குள் பட்டாசு என்பதெல்லாம் அங்கே இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். யார் ஜெயித்தார் என்று உலகத்துக்கு அறிவிப்பதே அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.) போன்ற செய்தி நிறுவனங்கள்தான். பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கை எழுதும் 17சி படிவம் நிரப்பிப் பழகின எனக்கு இன்றைக்கும் இது ஜீரணம் ஆகவில்லை. 2018-ல் கலிஃபோர்னியாவின் 21-வது தொகுதியில் முதல் ராத்திரியே டேவிட் வாலடாவோ ஜெயித்ததாக ஏ.பி. சொன்னது. தபால் ஓட்டு எண்ண எண்ண வித்தியாசம் கரைந்து, வாரங்கள் கழித்து அதை வாபஸ் வாங்கியது. டி.ஜே. காக்ஸ் 862 ஓட்டில் ஜெயித்தார். 2022-ல் நவம்பர் 8 தேர்தல், பிரதிநிதிகள் சபை யாருக்கு என்று தெரிந்தது நவம்பர் 16. அதனால் புதன்கிழமை காலை பத்து மணிக்கு யாரும் மைசூர்பாகு கேட்டு வர முடியாது என்று பந்தயத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இன்றைய தேதிக்கு என் நோட்டில் இருப்பது: பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சிக்கு, செனட் குடியரசுக் கட்சியிடமே. முதல் வரி அழுத்தமான பென்சில், இரண்டாவது வரி அதைவிட அழுத்தம். மகள் போனில் சிரிக்கிறாள். "அம்மா, எனக்கே அங்க ஓட்டு இல்ல. உனக்கு எதுக்கு இந்த நோட்டு?"

அக்டோபர் 31-ம் தேதி கடைசியாக அழித்து, பேனாவால் எழுதி, உறையில் போட்டு ஒட்டி அண்ணனின் மனைவியிடம் கொடுப்பேன். அண்ணனும் அப்படியே என்னிடம் கொடுப்பார். தீபாவளி நவம்பர் 8. அதற்குள் கலிஃபோர்னியா எண்ணி முடிக்காவிட்டால் இருவரும் ஆளுக்குக் கால் கிலோ வாங்குவது, கணக்கைப் பிறகு தீர்ப்பது என்று பேசியிருக்கிறோம்.