மணிக்கட்டைப் பிடித்தால் எந்தப் பக்கம் இழுப்பது?

யாராவது கையைப் பிடித்தால் நேராகப் பின்னால் இழுப்போம். அங்கேதான் தப்பு செய்கிறோம். பிடித்திருப்பவரின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பிடியில் பலவீனமானது. உங்கள் மணிக்கட்டின் ஒல்லியான விளிம்பை அந்த இடைவெளிக்கு நேராகத் திருப்பி, முழங்கையை மடக்கி, வெடுக்கென்று இழுங்கள். கூடவே அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். பலருக்கும் அதுதான் வராது, வெட்கம்! எங்கள் தெருப் பெண்கள் மொட்டைமாடியில் பழகியபோது முதல் வாரம் சிரிப்புதான் வந்தது. மூன்றாவது வாரம் கீழ்வீட்டு நாய் குரைத்தது.

பிடி விட்டதும் நின்று சண்டை போடாதீர்கள். ஆள் நடமாட்டம் உள்ள பக்கம் ஓடுங்கள். அப்புறம் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டையும் இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.