அலமாரிச் சட்டம் கோணாமல் இருக்க
வீட்டில் முதன்முறையாகப் புத்தக அலமாரி செய்பவர்கள், சட்டத்தைப் பொருத்தியதும், பசை காய்வதற்கு முன்பே, எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான இரண்டு குறுக்களவுகளையும் டேப் வைத்து அளந்து, நீளமாக இருக்கும் அளவின் இரு மூலைகளையும் உள்நோக்கி அழுத்திச் சமப்படுத்திவிட வேண்டும். எதிர்ப்பக்கங்கள் சமமாக உள்ள சட்டத்தில் மூலைவிட்டங்களும் சமமானால், நான்கு மூலைகளும் 90 பாகையில்தான் இருக்கும். செங்கோணத்தைச் சரிபார்க்கும் L வடிவக் கருவியான சிறிய மூலைமட்டமோ மூலையை ஒட்டிய சில அங்குலங்களை மட்டுமே காட்டுவதால், 6 அடி உயரத்தில் பெருகிவிடும் கோணலை எளிதில் தவறவிடும். பின்புற பிளைவுட்டை இதற்குப் பிறகே ஸ்க்ரூ போட்டு முடுக்க வேண்டும், ஏனெனில் அதன்பின் சட்டம் அசைந்து கொடுக்காது. பக்கப் பலகைகள் சம நீளத்தில் வெட்டப்படாதபோதும், மேலே குறுகும் வடிவிலான அலமாரிக்கும் இம்முறை உதவாது. அங்கே குறுக்களவுகள் ஒத்துப்போனாலும் மூலைகள் செங்கோணமாக இரா.