இசிஎச்எஸ்: கார்டு இருந்தும் கைக்காசு கட்ட நேராமல் இருக்க

முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு ஒப்புதல் கிடைத்தபோது பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். வேலை தேடி பம்பாய்க்கு வந்து, சௌபாத்தி கடற்கரை பெஞ்சில் படுத்துறங்கி, தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். சியாச்சின் பனிக்குத் திரும்பத் திரும்பப் போய் ஜவான்களைப் பார்த்து வந்தவர். ஓய்வுபெற்ற சிப்பாய் மருத்துவமனை வாசலில் பணத்துக்கு அலையக் கூடாது என்பதற்காக வந்த திட்டத்தில், இன்றும் பலர் அலைகிறார்கள். பெரும்பாலும் காகிதக் குறைதான் காரணம்.

முதலில் பெயரைச் சரிபாருங்கள். பென்ஷன் ஆணையில் மனைவி பெயர் ‘லட்சுமி’, ஆதாரில் ‘லட்சுமி அம்மாள்’ என்றிருந்தால் கார்டு விண்ணப்பம் திரும்பி வரும். உங்கள் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதித் திருத்த வேண்டும். நாளாகும், அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே தொடங்குங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். பென்ஷனோடு வரும் மருத்துவப்படியையும் நிறுத்தச் சொல்லி விடுங்கள். அந்தப் படியையும் இசிஎச்எஸ் சிகிச்சையையும் சேர்த்து வாங்கினால் பிறகு பிடித்தம் வரும்.

சாதாரண நோய்க்கு முதலில் பாலிகிளினிக், அதாவது இசிஎச்எஸ் நடத்தும் வெளிநோயாளர் மருத்துவமனை. அங்கே கொடுக்கும் ரெஃபரலோடுதான் (பரிந்துரைச் சீட்டு) இசிஎச்எஸ் அங்கீகரித்த பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரெஃபரலில் எந்தப் பிரிவு, எந்தச் சிகிச்சை என்று எழுதியிருப்பதை அங்கேயே படித்துப் பாருங்கள். கண்ணுக்கு வாங்கிய ரெஃபரலில் இதயப் பரிசோதனை செய்தால் அந்தப் பில் உங்கள் தலையில்தான் விழும்.

நெஞ்சுவலி, விபத்து போன்ற அவசரத்தில் ரெஃபரலுக்காகக் காத்திருக்க வேண்டாம். பட்டியலில் உள்ள மருத்துவமனை என்றால் சேர்க்கும்போதே கார்டைக் காட்டுங்கள். பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுப்பது மருத்துவமனையின் வேலை. அட்வான்ஸ் கேட்டால் கட்டாமல் உடனே பாலிகிளினிக்கை அழையுங்கள்.

பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால்தான் சிக்கல். 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும். போனில் சொன்னதோடு விடாமல், எழுத்திலும் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பில்லை முதலில் நீங்கள் கட்டுவீர்கள். திரும்ப வருவது சிஜிஎச்எஸ் (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) கட்டண அளவுக்குத்தான், மீதி கைக்காசு. ஆகவே நோயாளி தேறியதும், மாற்றலாம் என்று டாக்டர் சொன்னால், பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு மாற்றிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் நாளில் அவசரத்தில் கிளம்பிவிடாதீர்கள். அவசர நிலையில் சேர்க்கப்பட்டதற்கான டாக்டர் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து வாரியாகப் பிரித்த அசல் பில், ரசீதுகள் எல்லாவற்றிலும் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகப் பாருங்கள். ஸ்டென்ட், செயற்கை மூட்டு வைத்திருந்தால் அதன் பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணுள்ள ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள். அந்தச் சின்ன ஸ்டிக்கர் இல்லாததால் ஸ்டென்ட் பணம் முழுவதும் நின்றுபோவதுண்டு.