நீலகிரிக்குப் போகிறீர்களா? வீட்டுச் சுவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்து வாருங்கள்

ஊட்டி சேரிங் கிராஸில் நடந்தால் கடைக்குக் கடை ஒரே சரக்குதான். பைன் மரம் வரைந்த தட்டு, மலை ரயில் பொம்மை, தைலப் பாட்டில், 'வெல்கம்' என்று செதுக்கிய மரப்பலகை. பைனும் தைல மரமும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டவை. ஊட்டி ஏரியே ஜான் சல்லிவன் கலெக்டராக இருந்த காலத்தில் வெட்டியதுதான். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு ரயில் பொம்மை வாங்கிக் கொடுங்கள். ஆனால் டொராண்டோவிலோ லண்டனிலோ வீடு கட்டி, வரவேற்பறைக்கு ஊர் மண்ணிலிருந்து ஏதாவது வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கடைத்தெருவோடு திரும்பிவிட வேண்டாம். இந்த மலையில் காலங்காலமாக இருப்பவர்கள் எருமையையும் தேனடையையும் மூங்கிலையும் பார்த்துப் பார்த்து உண்டாக்கிய உருவங்கள் வேறு. அவற்றைத் தேடிப் போக வேண்டும்.

முதலில் ஒரு தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு. தோட்டக்கலைஞர் மெக்ஐவர் 1848இல் அமைக்கத் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவின் மேல்பக்கம் ஏறினால் ஒன்று இருக்கிறது. பழைய தோடர் வீடு, பீப்பாயை நெடுக்குவாட்டில் பிளந்து கவிழ்த்த மாதிரி இருக்கும். பக்கச் சுவர் என்று தனியாக ஒன்று கிடையாது. மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்ந்து, கூரையையே தரைவரை இறக்கிவிடுவார்கள். உயரம் பத்தடி, நீளம் பதினெட்டடி என்ற அளவில் இருக்கும். வாசலோ மூன்றடிதான், குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். குளிரும் காட்டு விலங்கும் உள்ளே வராமலிருக்க அந்தச் சின்ன வாசல். மழையும் பனியும் தங்காமல் வழிய அந்த வளைவு. தோடர் கோயில் முகப்பில் எருமைக் கொம்பு, சூரியன், பிறை, பாம்பு ஆகிய உருவங்களைப் பார்க்கலாம். ஊட்டிக்கு அருகே முத்தநாடு மந்தில் கூம்பு வடிவக் கோயில் ஒன்று இருக்கிறது. அந்த வகையில் எஞ்சியிருப்பவை மிகக் குறைவு.

இவை மக்கள் குடியிருக்கும், கும்பிடும் இடங்கள். கோயிலுக்குள் வெளியாட்கள் போக முடியாது, பெண்கள் கிட்டே போவதற்கும் கட்டுப்பாடு உண்டு. எங்கே நிற்கலாம், படம் எடுக்கலாமா என்று அங்கிருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலில் போய் நிற்பவர்களைப் பார்த்தால் நமக்கே கூச்சமாக இருக்கும்.

வீடு புதுப்பிக்கும் எண்ணம் உள்ளவர்கள் இங்கிருந்து அந்த வளைவை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். புத்தக அலமாரிக்கு மேலே ஒரு வளைவு, அல்லது பூஜை மாடத்துக்கு ஒரு தாழ்ந்த வாசல். சிட்னி வீட்டுக்குள் புல் கூரை போட்டால் நாடக மேடைபோல ஆகிவிடும்.

அடுத்தது பூத்துக்குளி. நேரம் இருந்தால் இதற்கென்றே ஒரு நாள் ஒதுக்குங்கள். தோடர் ஆணும் பெண்ணும் போர்த்துக்கொள்ளும் தடித்த வெள்ளைப் பருத்தித் துணி அது. ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டை ஓடும், அந்தப் பட்டைகளுக்கு நடுவே பூவேலை. பெண்கள்தான் செய்கிறார்கள். பென்சில் கோடு இல்லை, துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டமும் இல்லை. நெய்த இழைகளை விரலால் எண்ணிக்கொண்டே ஊசியை நுழைப்பார்கள். எண்ணிக்கை ஓரிழை பிசகினால் எதிர்ப்பக்கத்துப் பூ பொருந்தாது. எருமைக் கொம்பு, முயல் காது, மயிலிறகு, மலை முகடு என்று எல்லாமே முக்கோணமும் கட்டமுமாகச் சுருங்கி நிற்கும். முதல் பார்வைக்கு வெறும் கணக்குக் கோலம். பெயரைக் கேட்டுக்கொண்டு மறுபடி பார்த்தால் கொம்பு கொம்பாகவே தெரியும்.

கைவேலையா, எந்திர வேலையா என்று கண்டுபிடிக்கத் துணியைத் திருப்பிப் பாருங்கள். உண்மையான வேலை இரு புறமும் பார்க்கத் தகுந்ததாக இருக்கும். ஒரு புறம் நூல் சற்றே சுருண்டு புடைத்து நிற்கும், விரல் வைத்தால் மேடு தட்டும். எந்திரத் தையல் பின்பக்கம் தட்டையாக, முடிச்சும் ஒட்டுத் துணியுமாகக் காட்டிக்கொடுத்துவிடும். அச்சடித்த போலிகளும் வருகின்றன, அவற்றில் பின்பக்கம் சாயம் மங்கலாகத் தெரியும். தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, கடைக்காரரிடம் அதைச் சொல்லிக் கேட்கலாம். விலை கூடுதலாகத்தான் இருக்கும். முழுப் போர்வைக்கு வாரக் கணக்கில் உழைப்பு போகிறது, பேரம் பேசிக் குறைக்கும் இடமில்லை இது.

இறந்தவரின் உடலுக்குப் போர்த்துவதும் பூத்துக்குளிதான். ஆகவே முழுப் போர்வையை வாங்கி மிதியடிக்குப் பக்கத்திலோ நாய் படுக்கும் சோபாவிலோ விரித்துவிடாதீர்கள். அதைச் சுவரில் மாட்டுங்கள். சாப்பாட்டு மேசைக்கும் தலையணைக்கும் என்று விற்பனைக்காகவே செய்த சிறு துண்டுகள் கிடைக்கின்றன, புழக்கத்துக்கு அவை போதும்.

கோத்தகிரிப் பக்கம் போனால் ஆலுக்குறும்பர் என்ற பழங்குடியினரின் ஓவியம். வெள்ளரிக்கொம்பை என்ற ஊரும் அதன் பழைய பாறை ஓவியங்களும்தான் இதற்குப் பேர்போனவை. செம்மண், வெள்ளை மண், இலைப் பச்சை, மரப்பட்டைக் கறுப்பு, அவ்வளவுதான் வண்ணங்கள். செங்குத்துப் பாறையில் கொடி ஏணி கட்டித் தொங்கித் தேனெடுக்கும் ஆள், சுற்றிலும் தேனீ, கீழே மூங்கில் தோப்பு. முன்பு சுவரில் வரைந்ததை இப்போது தாளிலும் துணியிலும் வரைகிறார்கள். கோத்தகிரியில் பழங்குடி மக்களோடு வேலை செய்யும் கீஸ்டோன் தொண்டு நிறுவனத்தாரிடம் விசாரித்தால் எங்கே வாங்கலாம் என்று வழி தெரியும். அருகிலேயே கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய பங்களா அருங்காட்சியகமாக இருக்கிறது, அதையும் எட்டிப் பார்த்துவிடலாம்.

லண்டன்வாசிகளில் பலர் 2021இல் அங்குள்ள பூங்காக்களில் நின்ற யானைச் சிற்பக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த யானைகள் கூடலூர்க் காட்டோரத்தில் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடியினர் கையில் பிறந்தவை. செய்பொருள் உண்ணிச்செடி (லாண்டானா). அழகுக்காக வெள்ளையர் கொண்டுவந்து, இப்போது காட்டையே மூடிக்கொண்டிருக்கும் அதே முள்செடி. தண்டை வேகவைத்துத் தோலுரித்தால் பிரம்பு மாதிரி வளையும், கரையானும் எளிதில் தொடாது. அதில் நாற்காலி, கூடை, விளக்குக் கூடு எல்லாம் வருகின்றன. என்னைக் கேட்டால், மலையிலிருந்து வாங்கும் பொருள்களில் மனசாட்சிக்கு நிம்மதி தருவது இதுதான். வெட்ட வெட்டக் காட்டுக்கு நல்லது.

பழைய பங்களா அழகில் மனம் போகிறவர்கள் ஊட்டியில் ஃபெர்ன்ஹில் அரண்மனையின் கூரை முகப்பில் இருக்கும் செதுக்குப் பலகைகளைப் பாருங்கள். அதே ஊரில் 1831இல் திறந்த புனித ஸ்தேவான் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை என்பது கூடுதல் தகவல்.

வண்ணம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. மலை என்றதும் பச்சை பெயிண்ட் அடிக்கத் தோன்றும். சோலைக்காட்டைக் கவனித்தால் துளிர் செம்பு நிறத்தில் வருகிறது, காட்டுப்பூவரசு ரத்தச் சிவப்பாகப் பூக்கிறது, வறண்ட மாதங்களில் புல்வெளி வைக்கோல் நிறமாகிவிடுகிறது. வெள்ளைச் சுவரில் இந்தச் சிவப்பு கொஞ்சம் இருந்தால் பூத்துக்குளியோடு ஒத்துப்போகும்.

இனி பெட்டி கட்டும் விஷயம். மயிலிறகை இந்தியாவிலிருந்து வெளியே எடுத்துப் போகத் தடை, மான்கொம்பைத் தொடவே வேண்டாம். நூறாண்டு தாண்டிய பழம்பொருளுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும், 'பழைய பங்களாக் கதவு' என்று யாராவது ஆசை காட்டினால் நழுவிவிடுங்கள். ஈட்டி மரம் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, அதில் செய்த சிற்பத்தைப் பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் மரம், பிரம்பு, புல், விதை எதுவாக இருந்தாலும் விமான நிலையத்தில் அறிவித்தே ஆக வேண்டும். பைன் காயைப் பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டார்களா என்றும் பாருங்கள். ஓவியத்துக்குச் சட்டம் ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம், சுருட்டிக் குழாயில் வைத்தால் எடையும் குறைவு.

மலையேறும் முன் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதியலாம். ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர்ப் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை, வீட்டிலிருந்தே குப்பி கொண்டு போங்கள். சீசன் கூட்டமான மே மாதத்தில் போனால் கடைக்காரருக்கும் பேச நேரமிருக்காது. முழுப் பூத்துக்குளி வேண்டுமென்றால் இறங்கிய முதல் நாளே சொல்லி வைத்துவிட்டு, ஊர் சுற்றி, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமெல்லாம் முடித்துத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் முடியவில்லை என்றால் தபாலில் அனுப்புவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.