வன்முறைக்கு ஒரே பத்தி போதாது: போராட்ட ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போராட்டங்களை ஆராயப் புறப்படும் புதியவர்களின் எக்செல் தாளைத் திறந்தால் அதே பத்தி (column) கண்ணில் படும்: ‘வன்முறை: ஆம் / இல்லை’. பத்து வருடத்துக்கு முன் வந்தவர்களும் இதையேதான் செய்தார்கள். எழுத்துப்பிழை, விட்டுப்போன மேற்கோள், தப்பாக அடித்த தேதி இதெல்லாம் மேற்பார்வையாளர் கண்ணில் படும், திருத்திவிடலாம். ஆறு மாத உழைப்பைக் குப்பையில் போட வைப்பது இந்த ஒரு பத்திதான்.

‘வன்முறை: ஆம் / இல்லை’

ஒரு காலைப்பொழுதை வைத்துக்கொள்வோம். குடிசைப் பகுதி ஒன்றில் தண்ணீர் கேட்டு மறியல். ஐந்தரை மணிக்குச் சாலையில் டயர் எரிகிறது. ஆறே முக்காலுக்குப் போலீஸ் வருகிறது. ஏழு பத்துக்கு ரப்பர் குண்டு, ஏழே காலுக்குக் கல்லடி. ஒன்பது மணிக்கு, மறியலில் இல்லாத நாலு பேர் பக்கத்துத் தெருக் கடையின் ஷட்டரை உடைக்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில், ‘தண்ணீர் கேட்டு நடந்த போராட்டத்தில் வன்முறை வெடித்தது’. நம் ஆள் ‘ஆம்’ என்று அடித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

வெடித்தது சரி, வெடித்தவர் யார்? நடந்ததோ நாலு செயல். செய்தவர்கள் வேறு, பட்டவர்கள் வேறு, வரிசையும் முக்கியம். ரப்பர் குண்டு முதலா கல் முதலா என்பதுதான் பல ஆய்வுகளின் கேள்வியே. ‘ஆம்’ என்ற கட்டத்துக்குள் அது செத்துப்போகிறது. பிறகு தேவைப்பட்டாலும் திரும்ப எடுக்க முடியாது, எல்லாச் செய்தியையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். இதில்தான் காசும் காலமும் போகிறது.

செயலுக்கு ஒரு வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் குறைந்தது ஐந்து பத்தி: செய்தவர், யார்மேல் அல்லது எதன்மேல், எதைக்கொண்டு, எத்தனை மணிக்கு, சொன்னவர் யார். உடம்புக்குச் சேதம், பொருளுக்குச் சேதம், வழிமறிப்பு மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். டயர் எரிப்பது வன்முறையா என்ற வாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், தரவு கையில் இருக்கும். ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போராட்டங்களை ஒழுங்கானவை, இடையூறானவை, வன்முறையானவை என்று பிரித்துப் பார்த்தபோது, மிகப் பெரும்பகுதி ஒழுங்கானதாகவே இருந்தது. செய்தித்தாளை மட்டும் படிப்பவருக்கு இது நம்பவே வராது.

பிளாட்டினச் சுரங்கங்கள் உள்ள மரிக்கானாவைப் பாருங்கள். ‘2012 வேலைநிறுத்த வன்முறையில் 44 பேர் பலி’ என்று ஒரே வரியில் எழுதுகிறார்கள். ஆகஸ்ட் 16 அன்று ஒரே பிற்பகலில் போலீஸ் சுட்டுக் கொன்றது 34 பேரை. மற்ற 10 பேர் அதற்கு முந்தைய நாட்களில் இறந்தவர்கள். அவர்களில் தொழிலாளரும் உண்டு, காவலாளிகளும் போலீஸ்காரர்களும் உண்டு. இரண்டையும் கூட்டினால் கணக்கு சரி, விளக்கம் பொய். 2008 மே மாதத்தில் வெளிநாட்டவரைக் குறிவைத்து நடந்த தாக்குதல்களும் அப்படித்தான். இறந்த 62 பேரில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள். ‘வெளிநாட்டவர்’ என்று பத்திக்குப் பெயர் வைத்தவர் அந்த 21 பேரை எங்கே போடுவார்?

நம் வீட்டுக் கதைக்கு, தென்னாப்பிரிக்க இந்தியர் கதைக்கு வருவோம். 1949 ஜனவரி டர்பன் கலவரத்தில் அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 142: ஆப்பிரிக்கர் 87, இந்தியர் 50, வெள்ளையர் ஒருவர், அடையாளம் தெரியாதவர் 4. இதை வைத்து ‘இரு இனமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டது’ என்று எழுதுகிறவர்கள், அந்த 87 பேரில் பலர் போலீஸ், ராணுவம் சுட்டு இறந்தவர்கள் என்பதைப் பார்ப்பதே இல்லை. ‘செய்தவர்’ என்று ஒரு பத்தி இருந்திருந்தால் அந்த வாக்கியம் வந்திருக்காது.

பத்திகளை அமைத்ததும் முழுத் தரவுக்குள் குதிக்காதீர்கள். ஐம்பது செய்திகளை எடுத்து, இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேசாமல் குறிக்கட்டும். ஒப்பிடும்போது வெறும் சதவீதத்தை நம்ப வேண்டாம். இருவரும் பத்தில் ஒன்பது வரிக்கு ‘இல்லை’ போடுகிறவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 82 சதவீதம் பொருந்தும் (0.9 × 0.9 + 0.1 × 0.1). அதனால்தான் இப்படித் தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் கோஹன் கப்பா என்ற அளவு. அது 0.7க்குக் கீழே வந்தால் ஆளைக் குறை சொல்லாமல், எதை எப்படிக் குறிப்பது என்று எழுதிவைத்த விதிப்புத்தகத்தைத் திருத்துங்கள்.

அறப்போராட்டம் என்றால் பத்தி காலி

மேலே சொன்ன தவறின் மறுபக்கம் இது. 1913 என்றதும் காந்தியின் சத்தியாகிரகம், ஆகவே வன்முறை ‘இல்லை’. ஆனால் அந்த நவம்பரில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் போலீஸ் சுட்டு வேலைநிறுத்தக்காரர்கள் இறந்தார்கள். போராடியவர்கள் அடிக்கவில்லை என்பதற்காக அடி விழவில்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்று, எல்லாவற்றையும் காந்தியே சொல்லிச் செய்தார்கள் என்று முடிப்பது. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளரிடம் போய்ப் பேசி அக்டோபரில் வேலைநிறுத்தத்தைக் கிளப்பியவர்களில் டிரான்ஸ்வாலிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் முன்னால் நின்றார்கள். கடலோரத் தோட்டங்களுக்கு அது பரவியபோது காந்தி சிறையில் இருந்தார். தலைவர் உள்ளே, போராட்டம் வெளியே: ஆராய வேண்டியது இந்த இடம்.

போலீஸ் பதிவேடு

போலீஸ் சம்பவங்களைப் பதியும் ஐரிஸ் (IRIS) பதிவேட்டில் ‘அமைதியான கூட்டம்’, ‘கலகக் கூட்டம்’ என்று இரண்டு வகை. அதில் போராட்டம் மட்டும் இருப்பதாக நினைக்காதீர்கள். கால்பந்து ஆட்டம், மத ஊர்வலம் எல்லாம் சேர்ந்தே கிடக்கும். வடிகட்டாமல் கூட்டினால் காவடி எடுத்தவரும் போராளி ஆகிவிடுவார்!

நகராட்சியின் அறிவிப்புக் கோப்பும் முழுப் பட்டியல் ஆகாது. 1993 கூட்ட ஒழுங்குச் சட்டத்தில் பொது இடத்தில் 15 பேருக்கு மேல் கூடினால்தான் முன்னறிவிப்பு, அதுவும் 7 நாள் முன்னால். 15 பேர் அட்டை பிடித்து நின்றால் கோப்பில் தடயமே இருக்காது. முன்னறிவிப்பு இல்லாமல் கூட்டுவதைக் குற்றமாக்கிய பிரிவை 2018இல்தான் அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ‘யாரும் கூட்டவில்லை, தானாகக் கூடினோம்’ என்ற பதிலை அப்படியே தன்னெழுச்சி என்று குறிக்காதீர்கள். ‘நான்தான் கூட்டினேன்’ என்றவருக்கு வழக்கு வரும் காலம் அது.

ஒரே பத்திரிகை

கூடாது.

ஆயா சொன்ன 1949

‘கலவரத்தில் வீடு போச்சு’ என்று ஆயா சொல்வார். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த குடும்பம், பேத்தியும் அப்படியே எழுதிக்கொள்வாள். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பகுதியை வெள்ளையருக்கு என்று அறிவித்தது 1958இல், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950 குழுப்பகுதிச் சட்டத்தின் கீழ். அறுபதுகளில், இந்தியருக்கு என்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்ந்த பல குடும்பங்களின் நினைவில் நெருப்பும் அரசு நோட்டீசும் ஒன்றாகக் கலந்துவிட்டன. இதை ஆயாவின் பிழை என்று அடித்துவிடவும் கூடாது, அப்படியே தேதி போடவும் கூடாது.

‘பயமா இருந்துச்சா ஆயா?’ என்று கேட்டால் ‘ஆமாம்மா’ என்பதோடு முடியும். ‘அன்னைக்கு பஸ் ஓடுச்சா? ராத்திரி எங்க படுத்தீங்க? திரும்பி வந்தப்ப வீட்டுல என்ன மிச்சம் இருந்துச்சு?’ என்று கேளுங்கள். திரும்பி வந்தார்கள் என்றால் வீடு போனது பிற்பாடுதான். ஆண்டு அங்கேயே பிரிந்துவிடும்.

பெயரை முதலில் வைப்பது

2021 ஜூலைக் கலவரத்தின்போது, டர்பன் பக்கத்தில் இந்தியர் அதிகம் வாழும் பீனிக்ஸில் நடந்த கொலைகளை ஒரு பக்கம் ‘படுகொலை’ என்கிறது, மறுபக்கம் ‘தற்காப்பு’ என்கிறது. பீனிக்ஸில் இறந்தவர்கள் 36 என்று போலீஸ் அமைச்சர் அறிவித்தார். நாடு முழுக்கக் கணக்கு ஜூலை 22 அன்று 337, பின்னால் 354. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது வெளியான நாளைப் போடாதவர், இரண்டு கட்டுரையில் இரண்டு எண்ணைக் கண்டு யாரோ மறைக்கிறார்கள் என்று எழுதிவிடுகிறார்.

பெயரைப் பொறுத்தவரை, உங்கள் தலைப்பில் இரண்டும் வேண்டாம். எந்தச் சொல்லை யார், எந்த நாளிலிருந்து பயன்படுத்தத் தொடங்கினார்கள் என்று ஒரு பத்தி வையுங்கள். தடுப்பு அரணில் நின்றவரும், மகனைப் பறிகொடுத்தவரும் அதே தெருவை எந்தச் சொல்லால் குறிக்கிறார்கள் என்பதே பெரிய தரவு. நம் சமூகம் சம்பந்தப்பட்டது என்பதால் கை தானாக ‘தற்காப்பு’ பக்கம் போகும்.

புகைப்படம்

முகம் தெரிந்தால் எடுக்காதீர்கள்.

நோட்டுப் புத்தகம்

‘எல்லாம் ரகசியமாக இருக்கும்’ என்று ஒப்புதல் படிவத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும் சம்பவம் என்றால் நீதிமன்றம் உங்கள் குறிப்புகளைக் கேட்கலாம், ‘ஆய்வாளர்’ என்ற அட்டை அங்கே கேடயம் ஆகாது. இனம், அரசியல் சார்பு, குற்ற நடத்தை மூன்றும் தனிநபர் தகவல்களைக் காக்கும் போபியா (POPIA) சட்டத்தில் சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல்கள். நம் துறையில் ஒரு நேர்காணலின் முதல் ஐந்து நிமிடத்திலேயே மூன்றும் வந்துவிடும். பெயரும் குறியெண்ணும் உள்ள பட்டியல் ஒரு இடத்தில், பேச்சு வேறு இடத்தில். ஒலிப்பதிவைப் பெயர்த்து எழுதியதும் அழியுங்கள், ஃபோனில் மட்டுமல்ல, வாட்ஸாப்பில் நண்பருக்கு அனுப்பிவைத்த நகலையும்.