பரணில் கிடக்கும் பழைய தோட்டா: செய்யக்கூடாத தவறுகள்

மதுரையைச் சுற்றி, அழகர்மலை அடிவாரத்திலும் வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கமும், பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. துப்பாக்கியை ஒப்படைத்துப் பல வருடம் ஆகியிருக்கும். ஆனால் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ பரண்மேல் தகர டப்பாவிலோ நாலைந்து தோட்டா மட்டும் தங்கிவிடும். பட்டாளத்தில் இருந்தவர் வீடென்றால் ஞாபகத்துக்கு வைத்திருந்த ஒன்றிரண்டு .303 ரைஃபிள் தோட்டா கிடக்கும். வீட்டை இடிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் இவை வெளியே வரும். தவறு நடப்பதும் அப்போதுதான்.

முதல் தவறு, பழசானதால் செத்துப்போயிருக்கும் என்று நினைப்பது. ஈரம் படாமல் இருந்த தோட்டா பல பத்தாண்டு கழித்தும் வெடிக்கும். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதை வைத்து உள்ளே இருக்கும் வெடிமருந்தின் நிலையைச் சொல்ல முடியாது.

அடுத்தது, குண்டு இல்லை, உள்ளே காலி, அதனால் பயமில்லை என்று கையில் எடுப்பது. ரைஃபிள் தோட்டாவின் அடிப்பக்கத்தில் நடுவே ஒரு சின்ன வட்டம் தெரியும். அதுதான் கேப். விட்டம் சில மில்லிமீட்டர்தான். அந்தக் குட்டிக் கிண்ணத்துக்குள் லெட் ஸ்டிஃப்னேட் போன்ற, அடிபட்டாலே வெடிக்கும் ஒரு கலவை அப்பியிருக்கும். பழைய தோட்டாக்களில் பாதரசம் கலந்த ஃபல்மினேட்டும் உண்டு. துப்பாக்கியின் ஊசி அடிக்கும்போது கலவை உள்ளே இருக்கும் முனையில் நசுங்கித் தீ கக்கும். அந்தத் தீதான் பெரிய மருந்தைப் பற்றவைக்கிறது. தீபாவளிக்குச் சுருள் கேப்பைக் கல்லால் தட்டுவோமே, அதே வேலைதான். ஆனால் இங்கே காகிதத்துக்குப் பதில் உலோகம். வெடித்தால் அந்தக் கிண்ணமே தெறிக்கும், கண்ணுக்கு அது போதும்.

ஆகவே குண்டும் மருந்தும் இல்லாத வெறும் பித்தளைக் கூட்டில்கூட, கேப்பில் பள்ளம் விழாமல் வழவழவென்று இருந்தால் அது உயிரோடு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளம் விழுந்திருந்து, நுனியில் குண்டும் அப்படியே இருந்தால் இன்னும் மோசம்: ஊசி அடித்தும் வெடிக்காமல் நின்றுபோன தோட்டா அது.

.22 தோட்டா தனி ரகம். என்சிசி முகாமில் சுட்ட பிள்ளைகளுக்கு இது பழக்கம். இதன் நடுவில் கேப்பே இருக்காது. வெடிக்கும் கலவை அடி விளிம்புக்குள் சுற்றிலும் ஓடுகிறது. கேப் இல்லையே என்று குறடால் விளிம்பைப் பிடித்து நெரிப்பது, ஊசி அடிக்க வேண்டிய இடத்தையே நெரிப்பதாகும்.

கேப்பை வெளியே எடுத்துவிட்டால் சாவிக்கொத்தில் மாட்டலாம் என்ற ஆசையில்தான் விரல் போகிறது. கூட்டின் வாய் வழியாக ஆணியை விட்டுச் சுத்தியலால் தட்டுவார்கள். இது இரண்டு விதத்தில் தப்பு. தட்டுவது என்பதே கேப் வெடிப்பதற்குத் தேவையான காரியம். அப்புறம், நம் பக்கம் வீடுகளில் இருக்கும் பழைய .303 பெரும்பாலும் பெர்டன் முறையில் செய்தது. அதில் நடுவில் ஓட்டை கிடையாது; பக்கவாட்டில் இரண்டு பொடித் துளைகள்தான், நடுவில் கூட்டோடு சேர்ந்த முனை நிற்கும். ஆணி அந்த முனையில் முட்டி நிற்கும். வரவில்லையே என்று இன்னும் ஓங்கி அடிப்பார்கள். டிரில் போடுவதும் இதே கதைதான்.

எண்ணெயில் ஊறப்போட்டால் கேப் செத்துவிடும் என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. நம்பவே கூடாது. எண்ணெய் சில கேப்புக்குள் இறங்கும், சிலவற்றில் இறங்காது. எது இறங்கியது என்று வெளியிலிருந்து தெரியாது. தண்ணீரில் நனைந்தது காய்ந்தபின் மறுபடி வெடிக்கவும் செய்யும்.

யூட்யூபில் வெளிநாட்டுக்காரர்கள் கேப்பை எடுக்கிறார்களே என்று கேட்கலாம். சரி, அவர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். தோட்டாவைத் தாங்களே திரும்ப நிரப்புகிறவர்களுக்கு, கோணலாக உட்கார்ந்த கேப்பை வெளியே எடுக்கும் தேவை வரும். குண்டையும் மருந்தையும் முழுக்க எடுத்திருப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பார்கள். மற்ற கேப்புகள் பக்கத்தில் இருக்காது, ஒன்று வெடித்தால் அடுத்ததும் வெடிக்கும் என்பதால். அதற்கென்றே உள்ள பிரஸ்ஸில் மெதுவாக அழுத்துவார்கள், தட்டவே மாட்டார்கள், இறுகினால் நிறுத்திவிடுவார்கள். வெறும் கூட்டைத் துப்பாக்கியில் போட்டு, குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பிக் கேப்பை மட்டும் வெடிக்கவிடுகிறவர்களும் உண்டு. நம் நாட்டில் தோட்டா தயாரிப்பதற்கே 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் வேண்டும். பரணில் கிடைத்ததை வைத்து வீட்டில் செய்து பார்க்கிற வேலையே இல்லை இது.

பழைய பித்தளையோடு எடைக்குப் போடுவது எனக்கு மிகவும் கோபம் வரவைக்கும் தவறு. போட்டவருக்கு ஒன்றும் ஆகாது. உருக்கும் பட்டறையில் உலைமுன் நிற்கிற தொழிலாளிதான் அகப்படுவார். நெருப்பில் விழுந்த தோட்டாவில் குழல் இல்லாததால் குண்டு அவ்வளவு வேகமாகப் போகாது. கூடுதான் கிழிந்து பித்தளைச் சில்லுகளாகப் பறக்கும், கேப்பும் தெறிக்கும். குப்பையில் போட்டாலும் இதேதான், குப்பையைக் கொளுத்துகிற ஊர் நம்முடையது. கிணற்றிலோ கண்மாயிலோ வீசினால் தூர்வாரும்போது யாரோ ஒருவர் மண்வெட்டியால் கொத்துவார்.

பையில் போட்டு எடுத்துப் போவதும் வேண்டாம். மதுரை விமான நிலையத்து ஸ்கேனரில் ஒரே ஒரு தோட்டா தெரிந்தாலும் பயணம் அத்தோடு நின்று விசாரணை தொடங்கிவிடும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கிடந்த இடத்திலேயே விடுங்கள், அறையைப் பூட்டிப் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள், உங்கள் பகுதி காவல் நிலையத்துக்கோ 100க்கோ போன் செய்து வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோட்டாவைவிடப் பெரிதாக, கையெறி குண்டு மாதிரி எதுவும் தெரிந்தால் வீட்டைவிட்டே வெளியே வந்துவிட்டுப் போன் செய்யுங்கள். வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. லைசென்ஸ் காலாவதியானாலோ வேறு எந்தக் காரணத்தாலோ ஆயுதமும் தோட்டாவும் வைத்திருக்கும் உரிமை போய்விட்டால், வீண் தாமதம் இல்லாமல் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. நீங்களே கூப்பிட்டுச் சொன்னதற்கும், சோதனையில் அகப்படுவதற்கும் வித்தியாசம் உண்டு. தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். எத்தனை தோட்டா, என்ன ரகம் என்று எழுதி, ஒப்படைத்ததற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.